மடை வளைவும் முன் டயரும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாக யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன். பேனாவை எடுப்பேன், ரெண்டு வரி எழுதுவேன், அடுப்பில் பால் பொங்கிவிடும் என்று எழுந்து போய்விடுவேன். அடுப்பில் ஒன்றுமே இல்லாத நாளிலும் அப்படி எழுந்து போயிருக்கிறேன். ஒரு சைக்கிள் டயரைப் பற்றிச் சொல்லும்போது சாமியையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறதே, அது அடுக்குமா என்ற பயம் ஒரு பக்கம். என் வீட்டுக்காரர் மனசு நோகுமே என்பது இன்னொரு பக்கம். இப்போது அவரே, "எழுது. என்னையும் சேத்தே எழுது" என்று சொல்லிவிட்டார். சாமியிடமும் விளக்கு முன்னால் நின்று கேட்டுக்கொண்டேன். அதனால் எழுதுகிறேன்.

நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். உப்பூருக்குப் பக்கத்தில், கடற்கரைச் சாலைக்கு மேற்கே எங்கள் ஊர். வீட்டுக்காரர் விவசாயம். மழை பெய்தால் நெல், பிறகு மிளகாய். நான் சுகாதார வேலைக்குப் போகிறேன். கடலோரத் தெருக்களுக்கும் குப்பங்களுக்கும் வீடு வீடாகப் போய்ப் பிரஷர், சர்க்கரை பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டு வரவேண்டும். கண்மாய்க் கரை மேல் ஏறி, மடையைத் தாண்டி இறங்கி, ரோட்டைக் கடந்து, கருவேலங்காட்டு மணல்பாதை வழியாகப் போனால்தான் கடல் பக்கம் போய்ச் சேரலாம். ஸ்கூட்டர் அந்த மணலில் பாதிச் சக்கரம் புதைந்து நின்றுவிடும். சாதாரண லேடீஸ் சைக்கிளும் அப்படித்தான்.

என் அண்ணன் மகன் மதுரையில் படிக்கும்போது ஒரு மலைச் சைக்கிள் வாங்கியிருந்தான். மவுண்டன் பைக் என்பார்களே, அது. நேரான ஹேண்டில்பார், தடித்த டயர், கியர் எல்லாம் உண்டு. வேலைக்கு வெளியூர் போகும்போது, "அத்தை, நீங்க ஓட்டுங்க" என்று விட்டுப் போய்விட்டான். சுடிதார் மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு, முதுகில் மருந்துப் பையோடு நான் முதல்நாள் அதில் கிளம்பியபோது டீக்கடையில் ஒரே சிரிப்பு.

"ஏலே, மலை எந்தப் பக்கம் இருக்குன்னு அக்காகிட்டக் கேட்டுச் சொல்லுலே!"

"வாங்க கூட்டிட்டுப் போறேன். வழியில பிரஷர் பாத்து விடுறேன், மலை ஏறும்போது மயக்கம் வராது" என்றேன். அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கேலி நின்றுபோனது.

எங்கள் பக்கம் சைக்கிளுக்கு டயர் வாங்குகிறவர்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள். முள்ளு ஏறுமா, ஏறாதா? கருவேல முள் செருப்பைத் துளைத்துக் காலுக்கு வந்துவிடும் என்பதால் வேறெதையும் கேட்கத் தோன்றாது. அண்ணன் மகன் விட்டுப்போன டயர் ரெண்டும் வந்த மாசத்திலேயே பஞ்சர் மேல் பஞ்சர். உள்ளூர்க் கடையில் கொடுத்து, முள் ஏறாத கெட்டி டயராக முன்னாலும் பின்னாலும் போட்டுக்கொண்டோம். விரலால் அமுக்கினால் அமுங்காது. நடுவில் மட்டும் ஒரு வரி மேடு. ஓரமெல்லாம் மழமழவென்று இருக்கும். நேர்ப்பாதையில் சத்தமில்லாமல் போகும். அது போதும் என்றுதான் நினைத்தோம்.

அந்த வருஷம் ஆயுத பூசை வந்தது. வீட்டுக்காரர் மண்வெட்டி, அரிவாள், மருந்தடிக்கிற மிஷின் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வரிசையாக வைத்தார். என் சைக்கிளுக்குத்தான் அன்றைக்கு ராஜ மரியாதை. கழுவினார், செயினுக்கு ஆயில் விட்டார், கடைசியில் கிண்ணத்தில் தேங்காயெண்ணெய் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து ரெண்டு டயரையும் துணியால் தேய்த்தார். செம்மண்ணும் உப்பும் படிந்து வெளுத்துக் கிடந்த டயர் கன்னங்கரேலென்று மின்னியது. "பாரு, கடையில இருந்து எறக்குன மாதிரி இருக்கு" என்றார். திருநீற்றுப் பட்டை, சந்தனம், குங்குமம் வைத்தேன். பொரிகடலை படைத்து, சூடம் காட்டினோம்.

பூசையில் வைத்த சாமானை மறுநாள் காலை மறுபூசை போட்டபிறகுதான் எடுக்கவேண்டும். அதுவரைக்கும் அது சாமிக்கு உரியது. நானும் அதைத் தப்பாமல் கடைப்பிடிக்கிறவள்தான்.

மறுநாள் விடிந்தும் விடியாமல் போன் வந்தது. கடலோரத் தெருவில் ஒரு ராத்தா, முஸ்லிம் வீட்டு அக்காவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், அவருடைய வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார். பிரஷர் எப்போதும் கூடுதலாக இருக்கும்.

"தங்கச்சி, மாத்திரை தீந்து போச்சு. முந்தாநாளே தீந்துருச்சு. பூசை நாளாச்சே, உன்னையத் தொந்தரவு பண்ணவேணாம்னு இருந்துட்டேன். இப்பத் தலை சுத்துது, எந்திரிக்க முடியல."

"படுத்துக்கங்க ராத்தா. இந்தா வாரேன்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்தேன்.

வீட்டுக்காரர் வாசலில் நின்றார். அவருடைய டிவிஎஸ்ஸும் பூசையில்தான் நின்றது. "ஏ புள்ள, சூடத்தைக் காட்டி மறுபூசையப் போட்டுட்டுப் போயேன். குளிச்சிட்டு வந்துர்றேன்."

"நீங்க குளிச்சு வாரதுக்குள்ள அங்கன ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருச்சுன்னா?"

அவர் வாசலை விட்டு விலகி நின்றார். நான் சைக்கிள் முன்னால் நின்று கைகூப்பி, "பிள்ளையாரப்பா, ஆபத்துக்கு எடுக்குறேன், பொறுத்துக்க" என்று சொல்லி எடுத்தேன். சைக்கிளில் வைத்த பொட்டைக்கூட அழிக்காமல் கிளம்பினேன்.

எங்கள் வீட்டிலிருந்து மடை கூப்பிடு தூரம். அங்கே கரை சடக்கென்று வலது பக்கம் திரும்பும். மடை மேல் சிமெண்டுப் பாலம் போட்டிருப்பார்கள், அதன் ஓரத்தில் சரளையும் மணலும் சிதறிக் கிடக்கும். அன்றைக்குப் பனி இறங்கி சிமெண்டு ஈரமாக இருந்தது. தினமும் திரும்புகிற வளைவுதான். உடம்பைச் சாய்த்துத் திருப்பினேன். முன் சக்கரத்தை யாரோ கையால் பிடித்து வெளியே இழுத்த மாதிரி இருந்தது. அடுத்து நான் பார்த்தது வானத்தை. வலது மணிக்கட்டு வேறு யாருடைய கையோ மாதிரித் திரும்பிக் கிடந்தது.

நான் வரத் தாமதமாவதைப் பார்த்து ராத்தாவின் தம்பி எதிரே வந்துகொண்டிருந்தார். அவர்தான் என்னைத் தூக்கினார்.

"பாய், பையில மாத்திரை இருக்கு. அதை மொதல்ல கொண்டுபோய்க் குடுத்துருங்க."

"மாத்திரையும் போகும், நீயும் போவே. வாயை மூடிக்கிட்டு எந்திரிம்மா" என்றார். அவர் சொன்னபடியே மாத்திரை ராத்தாவுக்குப் போய்ச் சேர்ந்தது, நான் ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன். எலும்பு முறிந்திருந்தது. மாவுக்கட்டுப் போட்டார்கள்.

வலியைவிட, பார்க்க வந்தவர்கள் பேசியதுதான் தாங்க முடியவில்லை. நாத்தனார் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து உட்கார்ந்து, "மதினி, நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. பூசையில உக்காந்திருக்குற சாமானத்தக் கையில எடுத்தா அது சும்மா விடுமா?" என்றாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஊரே அதைத்தான் சொன்னது. ராத்தா வந்து என் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "எனக்காக வந்துதானே விழுந்தே, நான் அந்த போனப் போடாம இருந்திருக்கலாம்" என்று அழுதார். நான் அவரைத் தேற்றினேன், ஆனால் என்னைத் தேற்றிக்கொள்ள எனக்கு வழி தெரியவில்லை.

ஏனென்றால் நானும் அதை நம்பினேன். கும்பிட்டுச் சொல்லிவிட்டுத்தானே எடுத்தேன், அப்படியும் கையை ஒடித்துவிட்டாரே, அப்படியானால் என்மேல் எவ்வளவு கோபம் இருக்கும் என்று நினைத்தேன். வீட்டுக்காரர் ஒரு வார்த்தை குத்திச் சொல்லவில்லை. பிள்ளையார் கோவிலில் தேங்காய் உடைத்துவிட்டு வந்து, அந்த மாசத்திலிருந்து சங்கடகர சதுர்த்தி விரதம் பிடிக்க ஆரம்பித்தார். வெயிலில் வயல்வேலை செய்கிற மனுஷன் சாயங்காலம் வரைக்கும் பட்டினி. எனக்காகத்தான் என்று தெரியும். கேட்கவில்லை.

கட்டுப் பிரித்து, கை தேறி, மறுபடியும் சைக்கிளை எடுத்தேன். நேர்ப்பாதையில் ஒன்றுமில்லை. வளைவு வந்தால் மட்டும் தோள்பட்டை கட்டையாகிவிடும், ரெண்டு பிரேக்கையும் பிடித்துவிடுவேன். இறங்கித் தள்ளிக்கொண்டு போய், திருப்பம் தாண்டி மறுபடி ஏறுவேன். கருவேலங்காட்டுக்குள் முழுக்க வளைவுதான். எலுமிச்சம்பழம் கட்டினேன், கொழுக்கட்டை வேண்டிக்கொண்டேன், பயம் விடவில்லை. குப்பத்துக்கு நான் போய்ச் சேரும்போது பெண்கள் பாசி எடுக்கக் கடலுக்குள் இறங்கியிருப்பார்கள். வீடு பூட்டிக் கிடக்கும். மாத்திரையைத் திருப்பிக் கொண்டுவருவேன். எனக்கு மேலதிகாரியாக இருந்த நர்சம்மா நல்லவர். "முடியலைன்னா சொல்லிருங்க, வேற ஆளைப் போட்டுக்கலாம். உங்க உடம்பும் முக்கியம்" என்றார். நான் "முடியும் மேடம்" என்றேன். ஆனால் உள்ளுக்குள், சாமிக்கே பிடிக்காத வேலையை நாம் ஏன் இழுத்துக்கொண்டிருக்கிறோம் என்று ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த ஆயுத பூசைக்கு முன்னால் வேலையை விட்டுவிடுவது என்று ஏறக்குறைய முடிவு செய்துவிட்டேன்.

அந்த நேரத்தில் முன் டயர் ஓரம் வெடிக்க ஆரம்பித்தது. வேலையை விடுகிற வரைக்கும் ஓடவேண்டுமே என்று, முன் சக்கரத்தை மட்டும் கழற்றிக்கொண்டு ரெண்டு பேரும் ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறினோம். கண்டக்டர் சக்கரத்தைப் பார்த்துவிட்டு, "மத்த சைக்கிள் அடுத்த பஸ்ல வருதாக்கும்?" என்று கேட்டார். ரொம்ப நாளைக்கப்புறம் என் வீட்டுக்காரர் சிரித்தார்.

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு பேசுகிற ஆள். வீட்டுக்காரர் எடுத்த எடுப்பிலேயே, "முள்ளு ஏறாத டயராக் குடுங்க" என்றார்.

"இந்த ஜில்லாவுல வேற எதுவும் யாரும் கேக்க மாட்டீங்களா?" என்று சொல்லிக்கொண்டே ஒரு கெட்டி டயரை எடுத்துப் போட்டார். எங்களிடம் இருந்த அதே ஜாதி.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. "அண்ணே, திரும்பும்போது வழுக்காத டயர் எது?" என்று கேட்டேன்.

வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வளைவுக்கு வளைவு நான் இறங்கித் தள்ளுகிற விஷயம் அதுவரைக்கும் அவருக்குத் தெரியாது. நான் சொன்னதே இல்லை.

கடைக்காரர் கண்ணாடியைக் கீழே இறக்கினார். "ஓட்டுறது நீங்களா? அதை மொதல்ல சொல்லணும்ல." உள்ளே போய் இன்னொரு டயரைக் கொண்டுவந்தார். அகலமாக இருந்தது. நடுவில் மட்டுமல்லாமல் ரெண்டு ஓரத்திலும் உயரமான ரப்பர் பட்டன்கள், இடைவெளி விட்டு விட்டு. "நேராப் போறதுக்கு எந்த டயரும் போகும்மா. நீங்க சாயும்போது தரையில படுறது இந்த ஓரப் பட்டன்தான். உங்க பழசுல ஓரத்துல என்ன இருக்கு? ஒண்ணுமே இல்ல. நகத்தால அமுக்கிப் பாருங்க."

அமுக்கினேன். நகம் பதிந்து, மெல்ல மறைந்தது.

"மெத்துனு இருக்குல்ல? அது தரையைப் புடிக்கும். கெட்டி ரப்பரு ஈரச் சிமெண்டுல, சரளையில நழுவத்தான் செய்யும். பின்னாடி உங்க முள்ளு டயரே இருக்கட்டும். பின்னாடி நழுவுனா சமாளிச்சுக்கலாம். முன்னாடி நழுவுனா சமாளிக்க நேரமே இருக்காது."

"அப்ப முள்ளு?" என்றார் வீட்டுக்காரர், விடாமல்.

"ஏறத்தான் செய்யும். டியூபுக்குள்ள பால் மாதிரி ஒரு மருந்து விட்டுத் தர்றேன், ஓட்டைய அடைச்சுக்கும். காத்தை மட்டும் கல்லு மாதிரி அடிச்சு வைக்காதீங்க. கொஞ்சம் அமுங்குனாத்தான் பட்டன் மண்ணுல எறங்கும்." பேசிக்கொண்டே பழைய டயரைச் சுழற்றினவர், வெடிப்பில் விரலை வைத்துத் தேய்த்து முகர்ந்து பார்த்தார். "இதுல எண்ணெய் போடுவீங்களா?"

வீட்டுக்காரர் பெருமையாகச் சொன்னார். "ஆயுத பூசைக்குத் தேங்கெண்ணெய் போட்டுத் தேச்சேன். புதுசு கெட்டுது, அப்படி மின்னுச்சு."

கடைக்காரர் சிரித்துவிட்டார். "எல்லா ஊர்லயும் இதே கதைதான் அண்ணே. பூசைக்கு எண்ணெய் போட வேண்டியது, மறுநாள் திருப்பத்துல விழுந்துட்டு ஹேண்டில்பாரை நிமித்த எங்கிட்ட வர வேண்டியது. பார்க்கத்தான் அழகு. ஏற்கனவே வழுக்குற டயரு, அதுல எண்ணெய் வேற. விழாம என்ன செய்வாங்க? ரப்பரும் இந்தா, இப்படி வெடிச்சுப் போகும்."

அவருக்கு எங்கள் விஷயம் எதுவும் தெரியாது. சிரித்துக்கொண்டே டயரை மாட்டினார், வளைவில் எப்படிச் சாயவேண்டும் என்றும் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். நாங்கள் ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றோம்.

பஸ்ஸில் சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பஸ் தேவிபட்டினம் தாண்டியது. எனக்கு மனசு லேசாகிக்கொண்டே வந்தது. சாமி என்னை இழுத்துப் போடவில்லை. கும்பிட்டுச் சொன்னதைக் கேட்காமல் இருக்கவில்லை. அந்த லேசான மனசோடு பக்கத்தில் பார்த்தால், அவர் முகம் அப்படியே கறுத்துக் கிடக்கிறது. என் மேலிருந்து இறங்கிய பாரம் அவர் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது.

"அப்ப நான்தானா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நீங்க பக்தியாத்தான் செஞ்சீங்க."

"கை ஒடிஞ்சது ஒடிஞ்சதுதானே."

"செஞ்சது பக்திக்குன்னு டயருக்குத் தெரியுமாங்க? எனக்குத் தெரியும். சாமிக்கும் தெரியும்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அவர் கைமேல் கையை வைத்தேன். பஸ்ஸில் அப்படி வைக்கிறவள் இல்லை நான். அன்றைக்கு வைத்தேன்.

மறுநாள் காலையில் நான் கிளம்புவதற்கு முன்னாலேயே அவரைக் காணவில்லை. மடைக்குப் போனால், விளக்குமாற்றால் சிமெண்டைக் கூட்டிக்கொண்டு நிற்கிறார்.

"தள்ளி நில்லுங்க, உங்க மேல ஏத்திப்புடுவேன்."

"ஏத்து. மாத்திரை குடுக்கத்தான் நீ இருக்கேல்ல."

"மணலை எல்லாம் கூட்டாதீங்க. நாளைக்கும் வந்து கூட்டுவீங்களா? அது இருந்தாத்தான் டயரு புடிக்குதான்னு எனக்குத் தெரியும்."

விளக்குமாற்றைக் கீழே போட்டார். காலால் மணலைத் திரும்பத் தள்ளிவிட்டார்.

நான் வந்த வழியே கொஞ்சம் பின்னால் போய்த் திரும்பி வந்தேன். கடைக்காரர் சொன்னபடி, வெளிப்பக்கத்துக் காலைத் தாழ்த்தி அழுத்தினேன், சக்கரத்தைப் பார்க்காமல் போகவேண்டிய இடத்தைப் பார்த்தேன். தோள்பட்டை இறுகப் பார்த்தது. வாயில் பிள்ளையார் பேர் வந்தது. பிரேக்கைப் பிடிக்கவில்லை. சாய்ந்தேன். ஓரப் பட்டன்கள் சரளையில் நறநறவென்று இறங்கிப் பிடித்தன. சக்கரம் நான் சொன்ன பக்கம் போனது. வளைவு முடிந்து கரை நேராகிவிட்டது, நான் இன்னும் சைக்கிள் மேலேயே இருந்தேன்.

நான் நிற்கவில்லை. நின்றால் அழுதுவிடுவேன் என்று தெரியும். ஓட்டிக்கொண்டே அழுதேன். ராத்தா வீட்டுக்குப் போய்ச் சேரும்போது அவர் இன்னும் காலைச் சாப்பாடு முடிக்கவில்லை. "என்னம்மா இம்புட்டு வெள்ளன?" என்றார். டயரையும் எண்ணெயையும் பற்றி முழுக்கச் சொன்னேன். அவர் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, "அல்லா, இந்த ஒரு வருஷமா நான் அந்த போனையே நெனைச்சுக்கிட்டுக் கெடந்தேனே" என்றார்.

முள் ஏறவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். முதல் வாரமே ஏறியது. மருந்து அடைத்துக்கொண்டது. அடைக்காத நாளில் வீட்டுக்காரர் சாயங்காலம் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டித் தருகிறார். வேலையை விடுகிற பேச்சு நின்றுபோனது. விரதத்தை அவர் விடவில்லை. "இப்ப எதுக்குங்க?" என்று கேட்டதற்கு, "முன்ன பயந்துக்கிட்டு இருந்தேன். இப்பத்தான் ஒழுங்கா இருக்கேன்" என்றார். ஆயுத பூசையும் எப்போதும்போல நடக்கிறது. சந்தனம், குங்குமம் எல்லாம் ஹேண்டில்பாருக்கு. டயருக்கு வெறும் தண்ணீர்.

இது எங்களோடு போயிருந்தால் எழுதியிருக்க மாட்டேன். போன ஆயுத பூசையன்று பக்கத்துத் தெருவில் ஒரு குழந்தைக்குச் சாயங்காலம் காய்ச்சலில் வெட்டு வந்து கைகால் இழுத்திருக்கிறது. ஸ்கூட்டர் பூசையில் நிற்கிறது. தகப்பன் சாவியை எடுக்கப் போக, வீட்டில் பெரியவர்கள், "எடுக்காதே. பூசை வண்டிய எடுத்துட்டுப் போயித்தானே அவ கை ஒடிஞ்சா" என்று தடுத்துவிட்டார்கள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ரோடு வரைக்கும் ஓடி, ஆட்டோவுக்குக் காத்து நின்றிருக்கிறார்கள். ஆண்டவன் புண்ணியத்தில் பிள்ளை பிழைத்துக்கொண்டது. அதன் தாய் இதை என்னிடமே சொன்னாள். "அக்கா, உங்க கதையச் சொல்லித்தான் நிப்பாட்டுனாங்க" என்றாள். நான் அவள் மாமியாருக்குப் பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தேன். அளவைக் கவனிக்காமல் விட்டுவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து பார்க்க வேண்டியதாயிற்று.

நான் விழுந்ததை ஊர் ஒரு மாதிரி சொல்கிறது. நான் வளைவில் திரும்பியதை இன்னொரு மாதிரி சொல்கிறது. பிள்ளையாரே வந்து ஹேண்டில்பாரைப் பிடித்தாராம். ரெண்டிலும் டயரும் இல்லை, எண்ணெயும் இல்லை.

அதனால் படிக்கிற உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள், முக்கியமாகப் பூசை நாளுக்கு முன்னால் சொல்லுங்கள். ஆனால் நடந்தபடியே சொல்லுங்கள். சாமி தள்ளிவிட்டார் என்று சேர்க்காதீர்கள், தூக்கிவிட்டார் என்றும் சேர்க்காதீர்கள். பூசை வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லிவிடாதீர்கள், நான் அப்படிச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் வருத்தப்படுவாரே என்று எண்ணெயை விட்டுவிட்டும் சொல்ல வேண்டாம், அவரே சம்மதித்துத்தான் எழுதியிருக்கிறேன். ஓரத்தில் பட்டன் இல்லாத கெட்டி டயர், அதன் மேல் தேங்காயெண்ணெய், ஈரச் சிமெண்டில் ஒரு வளைவு. ஒருத்தி விழுந்தது இதனால்தான். ஆபத்துக்கு எடுக்கிற வண்டியின் மேல் சாமி கோபப்படமாட்டார். கும்பிட்டுவிட்டு எடுங்கள். டயரை மட்டும் ஒருதரம் நன்றாகத் துடைத்துவிட்டுப் போங்கள்.